ஓட்டோ கியர் சரியாக விழவில்லையா? கியர்பொக்ஸை இறக்குமுன் பார்க்க வேண்டியவை

இலங்கையில் வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நின்றது. தனியார் கார்களுக்கு அது மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட ஐந்து வருடமும் நாட்டுக்குள் இருந்த கார்களையே ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கி ஓட்டினோம். ஆகவே திருகோணமலைத் தெருக்களில் இன்று காண்கிற ஓட்டோ கியர் கார்கள் பல பத்து வயதைத் தாண்டியவை. கியர்பொக்ஸுக்கும் அதே வயதுதான். அது இப்போது குத்துவதும் வழுக்குவதும் உதறுவதும் ஆச்சரியமில்லை. ஆனால் அப்படி ஒரு அறிகுறி தெரிந்ததுமே “கியர்பொக்ஸ் போட்டுது, இறக்க வேணும்” என்று முடிவு கட்டுவதுதான் எனக்குப் பொறுக்காத விடயம். இறக்காமலே தீர்கிற கோளாறுகள் நிறைய இருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டுத்தான் இறக்குகிற பேச்சுக்கு வர வேண்டும்.

கிண்ணியாவில் ஒரு நானாவின் கராஜில் அடிக்கடி காதில் விழுகிற பேச்சு இது.

“நானா, கியர் இழுக்குதில்லை.”

“எப்ப தம்பி? காலையிலயா, ஓடிச் சூடாகின பொறகா?”

“அது... எப்பவும் மாதிரித்தான் இருக்கு.”

“ரிவேர்ஸும் அப்பிடியா?”

“பார்க்கேல்லை நானா.”

நானா கேட்கிற இரண்டு கேள்விக்கும் வாகனக்காரரிடம் பதில் இருந்தால், ஸ்பானரைக் கையில் எடுக்குமுன்பே தேடுகிற இடம் பாதியாகக் குறைந்துவிடும். எந்தக் கியரில், எந்த வேகத்தில், குளிரிலா சூட்டிலா, ஏற்றத்திலா சமதரையிலா என்று கவனிக்க மெக்கானிக்காக இருக்கத் தேவையில்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் தெரிந்தால் போதும்.

உள்ளே நடப்பது

மெனுவல் காரில் கிளச்சை மிதித்து எஞ்சினைப் பிரித்து, கையால் கியரை மாற்றுகிறோம். ஓட்டோவில் இந்த இரண்டு வேலையையும் ஒயில்தான் செய்கிறது. எஞ்சினுக்கும் கியர்பொக்ஸுக்கும் நடுவே டோர்க் கொன்வேட்டர் என்று ஒரு பெரிய உருண்டை இருக்கும். இரண்டு மேசை விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் போட்டால், அதன் காற்றில் மற்றதும் மெல்லச் சுழலும் அல்லவா? இங்கே காற்றுக்குப் பதில் ஒயில். எஞ்சின் பக்கத்து விசிறி ஒயிலை வீச, கியர்பொக்ஸ் பக்கத்து விசிறி சுழல்கிறது. சிக்னலில் லீவரை டீயில் (D) வைத்து பிரேக்கை மிதித்துக்கொண்டு நின்றாலும் எஞ்சின் நிற்காதது இதனால்தான்.

அதற்குப் பின்னால் கோள் பற்சில்லுத் தொகுதிகளும் (நடுவில் ஒரு பற்சில்லு, அதைச் சுற்றிக் கோள்கள் போலச் சின்னப் பற்சில்லுகள்) பல கிளச் அடுக்குகளும் இருக்கின்றன. எந்த அடுக்கு இறுகுகிறது, எது தளர்கிறது என்பதைப் பொறுத்து முதலாம் கியரோ மூன்றாம் கியரோ ரிவேர்ஸோ கிடைக்கும். அடுக்கை இறுக்குவது ஒயிலின் அழுத்தம். அழுத்தம் எந்தப் பாதையில் போக வேண்டும் என்று திறந்து மூடுபவை வால்வ் பொடியில் (valve body, ஒயில் பாதைகள் குடைந்த உலோகக் கட்டை) இருக்கிற சொலினொயிட்கள், அதாவது மின்சாரத்தில் இயங்குகிற சின்ன வால்வுகள். அவற்றுக்குக் கட்டளை கொடுப்பது கியர் கொம்பியூட்டர். காரின் வேகத்தையும் அக்சிலேட்டர் எவ்வளவு மிதிபட்டிருக்கிறது என்பதையும் சென்சர்கள் அதற்குச் சொல்கின்றன.

ஆக, கியர் சரியாக விழாவிட்டால் காரணம் மூன்று இடங்களில் ஒன்றில் இருக்கும். ஒயில் குறைந்திருக்கலாம், கெட்டிருக்கலாம். கட்டளை பிழைத்திருக்கலாம்: சென்சர், வயர், சொலினொயிட், கொம்பியூட்டர். அல்லது கிளச் பிளேட்டும் சீலும் (ஒயில் அழுத்தம் கசியாமல் தடுக்கிற வளையம்) உண்மையிலேயே தேய்ந்திருக்கலாம். மூன்றாவதுக்கு மட்டும்தான் கியர்பொக்ஸை இறக்கியே ஆக வேண்டும். முதல் இரண்டையும் பெரும்பாலும் கார் நிற்கிற இடத்திலேயே பார்க்கலாம். அதனால்தான் வரிசை முக்கியம்.

உங்கள் காரில் இருப்பது எந்த வகை?

வெளியே பார்த்தால் எல்லாவற்றிலும் அதே பீ, ஆர், என், டீ (P, R, N, D). உள்ளே வேறு வேறு. கொரொல்லா 121, பழைய நிசான் சன்னி போன்றவற்றில் நான் மேலே சொன்ன வழக்கமான நாலு கியர் ஓட்டோ. பின்னால் வந்த எக்ஸியோ, எலியன், பிரீமியோக்களில் பலவும் சீவிடி. அதில் படிப்படியான கியர் இல்லை. இரும்புப் பெல்ட் ஒன்று இரண்டு கப்பிகளுக்கு நடுவே ஓடும், கப்பியின் அகலம் மாற மாற விகிதம் மாறும். சீவிடி காரை முதன்முதல் ஓட்டுகிறவர் “எஞ்சின் இரையுது, கியர் மாறுதில்லை” என்று பயப்படுவார். அது அதன் இயல்பு. ஆனால் ஆர்பிஎம் முள் (எஞ்சின் சுழல்கிற வேகத்தைக் காட்டுவது) சட்டென்று ஏற, கார் ஏறாமல் நின்றால் பெல்ட் வழுக்குகிறது. அந்த நிலையில் தொடர்ந்து ஓட்டினால் கப்பியும் கீறுப்படும்.

பிரியஸ், அக்குவா போன்ற டொயோட்டா ஹைபிரிட்களில் டோர்க் கொன்வேட்டரே கிடையாது, கியர் மாற்றுகிற கிளச் அடுக்குகளும் கிடையாது. இரண்டு மோட்டார்களும் கோள் பற்சில்லுகளும்தான். அங்கே “கியர் குத்துது” என்று தோன்றினால், தேட வேண்டிய இடம் அநேகமாக எஞ்சின். எஞ்சின் பற்றும்போது கார் ஆடினால் பிளக், கொயில், ஈஜிஆர் (புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்குத் திருப்பி விடுகிற பாதை) அடைப்பு, எஞ்சினைத் தாங்குகிற மவுண்ட் என்று பாருங்கள்.

வெசெல் ஹைபிரிட், கிரேஸ், ஃபிட் ஜீபீ5 மூன்றிலும் ஏழு கியர் இரட்டைக் கிளச். நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போனால் கிளச் சூடாகி எச்சரிக்கை வரும். ஃபிட், வெசெல் ஹைபிரிட்களை இந்தக் கியர்பொக்ஸின் மென்பொருளுக்காகவே ஜப்பானில் 2013, 2014இல் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை மீள அழைத்துத் திருத்தினார்கள். அந்தத் திருத்தங்கள் உங்கள் காருக்குச் செய்யப்பட்டனவா என்று செசி இலக்கத்தைக் கொடுத்துக் கேட்பது நல்லது. இந்தியாவிலிருந்து வந்த ஆல்ட்டோ, வேகன் ஆர் சிலவற்றில் ஏஜிஎஸ் இருக்கிறது. அது மெனுவல் கியர்பொக்ஸேதான். கிளச்சையும் கியரையும் மனிதனுக்குப் பதில் ஒரு இயந்திரக் கை மாற்றுகிறது. மாறும்போது சின்னதாக ஒரு தொய்வு இருக்கத்தான் செய்யும். அதைக் கோளாறு என்று எண்ணிக் காசு செலவழிக்காதீர்கள்.

இனி வருவது பெரும்பாலும் வழக்கமான ஓட்டோவுக்கு. சீவிடிக்கும் பொருந்துகிற இடத்தில் சொல்கிறேன்.

கியர்பொக்ஸ்தானா என்று முதலில் பாருங்கள்

பீயிலிருந்து லீவர் அசையவே மாட்டேன் என்கிறதா? பிரேக்கை மிதித்துக்கொண்டு, பின்னால் ஒருவரை நிறுத்தி, பிரேக் லைட் எரிகிறதா என்று கேளுங்கள். எரியாவிட்டால் பிரேக் பெடலில் இருக்கிற சின்ன சுவிட்ச் போயிருக்கலாம். பிரேக் மிதிபட்டது தெரியாமல் லீவரைப் பூட்டு விடாது. பல கார்களில் லீவர் பக்கத்தில் சின்ன மூடி ஒன்று இருக்கும். அதைக் கிளப்பி உள்ளே இருக்கிற பொத்தானை அமத்தினால் அந்த நேரத்துக்குப் பூட்டைத் திறக்கலாம்.

பீயில் ஸ்டார்ட் எடுக்கவில்லை, என்னில் எடுக்கிறது என்றால் லீவர் நிலையைச் சொல்கிற சுவிட்ச்சோ கேபிளோ இடம் மாறியிருக்கிறது. அதே சுவிட்ச் பிழைத்தால், நீங்கள் டீயில் போட்டாலும் கொம்பியூட்டருக்கு அது வேறு நிலையாகத் தெரியும். பிறகு கியர் எப்படி ஒழுங்காக விழும்?

டீயில் போட்டதும் “டொக்” என்று அடிக்கிறதா? பொனட்டைத் திறந்து வையுங்கள். ஒருவர் பிரேக்கை அழுத்தி மிதித்து, ஹேண்ட் பிரேக்கும் போட்டபடி ஆருக்கும் டீக்கும் மாற்றட்டும். நீங்கள் காருக்கு முன்னாலோ பின்னாலோ அல்ல, பக்கவாட்டில் நின்று எஞ்சினைப் பாருங்கள். அது துள்ளி எழும்பி இருந்தால் மவுண்ட் ரப்பர் கிழிந்திருக்கிறது. கடற்கரை ஊரில், வெயிலும் சூடும் சேர்ந்து, பழைய காரின் ரப்பர் காய்ந்து வெடிப்பது சாதாரணம். எஞ்சினின் ஓய்வு வேகம் தேவைக்கு மேல் இருந்தாலும் டீயில் அதே அடி விழும். ஏசி போட்டும் போடாமலும் முள்ளைப் பாருங்கள். பற்றரி பலவீனமாக இருந்தாலும் சொலினொயிட்கள் ஒழுங்காக வேலை செய்யாது. இதெல்லாம் தள்ளின பிறகுதான் ஒயில்.

டிப்ஸ்டிக்கில் தெரிவது

என் பார்வையில் முழுச் சோதனையிலும் அதிகம் பேசுகிற இடம் இதுதான். அதிகம் தவறாகச் செய்யப்படுகிற இடமும் இதுதான்.

எஞ்சின் ஒயிலைப் பார்க்கிற மாதிரி எஞ்சினை நிறுத்தி வைத்துப் பார்த்தால் பெரும்பாலான ஓட்டோக்களில் அளவு பிழைக்கும். சாதாரண முறை இது. காரைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டிச் சூடாக்குங்கள். சமதரையில் நிறுத்துங்கள். பிரேக்கை மிதித்தபடி லீவரை பீயிலிருந்து ஒவ்வொரு நிலையாகக் கொண்டுபோய்த் திரும்ப பீயில் வையுங்கள். எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்க, கியர் ஒயிலின் டிப்ஸ்டிக்கை (அளவுக் கம்பியை) உருவுங்கள். நூல் உதிராத துணியால் துடையுங்கள். ஒரு நூல் உள்ளே போனால் வால்வ் பொடியின் நுண்ணிய பாதையில் அது சிக்கும். முழுவதும் உள்ளே தள்ளி, மறுபடி உருவிப் பாருங்கள். டொயோட்டா டிப்ஸ்டிக்கில் குளிருக்கு ஒரு அடையாளமும் சூட்டுக்கு ஒரு அடையாளமும் இருக்கும். சூடாக்கிப் பார்த்தால் சூட்டுக்குரிய இரண்டு கோட்டுக்கும் நடுவே இருக்க வேண்டும். டிப்ஸ்டிக் உள்ள பழைய ஹொண்டாக்களில் மட்டும் வேறு: சூடாக்கி, எஞ்சினை நிறுத்தி, ஒன்றிரண்டு நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும். உங்கள் காரின் கையேட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் முடிவு.

இனி நிறம். டிப்ஸ்டிக் நுனியில் இருக்கிற ஒயிலை வெள்ளை டிஷூ ஒன்றில் ஒரு சொட்டு விடுங்கள். சிவப்பாகப் பரவினால் நல்லது. மண்ணிறமாக இருந்தாலும், ஊடுருவிப் பார்க்க முடிந்து, மணம் கெடாமல் இருந்தால் வயதுதான், மாற்றினால் சரி. கறுத்து, நடுவில் பொடி தங்கி, கருகின மணம் வந்தால் அந்தப் பொடி கிளச் பிளேட்டின் மேற்பரப்பு. அதைப் புது ஒயில் திருப்பித் தராது. இளஞ்சிவப்பாகப் பால் கலந்தது போல இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. காரை ஓட்டவே வேண்டாம். பல கார்களில் கியர் ஒயிலைக் குளிராக்குகிற குழாய் ரேடியேட்டருக்கு உள்ளேயே இருக்கிறது. அது அரித்து ஓட்டை விழுந்தால் ரேடியேட்டர் தண்ணீரும் கியர் ஒயிலும் கலக்கும்.

எங்கள் பக்கத்தில் தண்ணீர் போக இன்னொரு வழியும் உண்டு. மார்கழி மழையில் தாழ்வான வீதிகளில் வெள்ளம் நிற்கும்போது பலர் துணிந்து காரை இறக்குவார்கள். கியர்பொக்ஸில் மூச்சு விடுகிற சின்னக் குழாய் ஒன்று இருக்கிறது. சூடான கியர்பொக்ஸ் திடீரென்று வெள்ளத்தில் குளிர்ந்தால் உள்ளே இருக்கிற காற்றுச் சுருங்கி, அந்தக் குழாய் நீருக்குள் அமிழ்ந்திருந்தால் தண்ணீரை உறிஞ்சும். வெள்ளத்தில் போய் வந்த கார் ஒரு கிழமை கழித்து உதறத் தொடங்கினால், டிப்ஸ்டிக்கை முதலில் பாருங்கள்.

ஒயில் குறைந்திருந்தால், ஊற்றிவிட்டு மறந்துவிடாதீர்கள். கியர் ஒயில் எரிந்து தீருகிற பொருள் அல்ல. குறைந்தால் எங்கோ கசிகிறது. இரவில் காருக்குக் கீழே ஒரு கார்ட்போர்ட் மட்டையை விரித்து விடியக் காலையில் பாருங்கள். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலோரம் நிற்கிற கார்களில் உப்புக் காற்று ஒயில் பானையும் (கியர்பொக்ஸின் அடித்தட்டு) இரும்புக் குழாய்களையும் வெளியிலிருந்தே அரிக்கும். மேலே துரு மாதிரித் தெரிகிற இடத்தைத் தடவிப் பார்த்தால் ஈரமாக இருக்கும்.

டிப்ஸ்டிக்கே இல்லாத கார்கள், பல சீவிடி உட்பட, இப்போது நிறைய. அவற்றில் கீழே இருக்கிற ஒரு பிளக்கைத் திறந்து, ஒயில் குறித்த வெப்பத்தில் இருக்கும்போது வழிகிறதா என்று பார்த்துத்தான் அளவிட வேண்டும். வெப்பத்தை ஸ்கேனரால் பார்க்கத் தெரிந்த கராஜில் அந்த வேலையைக் கொடுங்கள்.

ஓட்டிப் பார்ப்பது

காலையில், கார் இரவு முழுக்க நின்ற பிறகு தொடங்குங்கள். பிரேக்கை மிதித்து என்னிலிருந்து டீக்குப் போட்டு, இழுவை பிடிக்கிற நேரத்தை எண்ணுங்கள். டொயோட்டாவின் பழைய பழுதுபார்ப்புக் கையேடுகளில் சூடான நிலையில் டீக்கு 1.2 செக்கனுக்குள், ரிவேர்ஸுக்கு 1.5 செக்கனுக்குள் பிடிக்க வேண்டும் என்றிருக்கும். குளிரில் சிறிது கூடலாம். மூன்று செக்கன் என்றால் அது நேரம் பிந்தின பிடிப்பு.

அப்புறம் நகரத்துக்குள் மெதுவாக. நாலு கியர் ஓட்டோ என்றால், அக்சிலேட்டரை மெல்ல, ஒரே அளவில் மிதித்துக்கொண்டு ஆர்பிஎம் முள்ளைக் கவனியுங்கள். ஒன்றிலிருந்து இரண்டுக்கு விழும்போது முள் ஒரு தடவை இறங்கும். இரண்டிலிருந்து மூன்றுக்கு இன்னொரு தடவை. நாலுக்கு மூன்றாவது தடவை. அறுபதுக்குக் கிட்ட வந்து அக்சிலேட்டரை அசையாமல் பிடித்தால், சில நூறு ஆர்பிஎம் அளவுக்கு நாலாவது தடவையும் இறங்கும். பலர் அதை ஐந்தாம் கியர் என்று நினைப்பார்கள். அது லொக்-அப்: டோர்க் கொன்வேட்டருக்குள் இருக்கிற ஒரு கிளச் பிடித்து இரண்டு விசிறியையும் ஒன்றாகப் பூட்டுகிறது. நாலு இறக்கமும் மென்மையாகக் கிடைத்தால் அடிப்படை சரியாக இருக்கிறது. ஏதாவது ஒன்றில் முள் இறங்குவதற்குப் பதில் மேலே எகிறி, பிறகு விழுந்தால் அந்த மாற்றத்தில் வழுக்கல் இருக்கிறது. எது என்று எழுதி வையுங்கள்.

ஏற்றம் பார்க்க உவர்மலை வீதிகள் போதும். கோட்டை வாசலால் கோணேசர் கோயிலுக்கு ஏறுகிற வழியிலும் பார்க்கலாம், ஆனால் அங்கே மான்கள் குறுக்கே வரும், சனமும் நடந்து போகும். விடிய வெள்ளனப் போங்கள். சமதரையில் மறைந்திருக்கிற வழுக்கல் பாரம் விழும்போது வெளியே வரும். ஏற்றத்தில் ரிவேர்ஸிலும் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள்.

வேகம் பார்க்க நிலாவெளி வீதி, அல்லது கந்தளாய் வீதியின் நேரான பகுதி. ஊர்மனைக்கு வெளியே வேக எல்லை 70 என்பதால் அதைத் தாண்டத் தேவையே இல்லை. லொக்-அப் அதற்குள் கிடைத்துவிடும். கந்தளாயைத் தாண்டி ஹபரணைப் பக்கம் போனால் யானை கடக்கிற இடங்கள் வரும். இருட்டின பிறகு முள்ளைப் பார்த்துக்கொண்டு அந்த வழியில் ஓடாதீர்கள்.

அறிகுறியை வாசிப்பது

எல்லாக் கியரிலும், ரிவேர்ஸிலும் வழுக்கினால் பொதுவான காரணம் தேட வேண்டும். எல்லா அடுக்குக்கும் அழுத்தம் போவது ஒரே பம்பிலிருந்து. ஆகவே ஒயில் குறைவு, அடைபட்ட பில்ட்டர், பலவீனமான பம்ப் என்ற வரிசையில் பாருங்கள். ஒரே ஒரு கியரில் மட்டும் வழுக்கினால் அந்தக் கியருக்குரிய அடுக்கோ அதன் சொலினொயிட்டோ. ரிவேர்ஸ் மட்டும் இல்லை, முன்னுக்கு எல்லாம் நன்றாக ஓடுகிறது என்றால் ஒயிலைக் குற்றம் சொல்ல முடியாது.

காலையில் மட்டும் பிந்துகிறது, பிறகு சரியாகிவிடுகிறது என்றால் ஒயில் குறைவு, அல்லது வயதாகி இறுகின சீல். சூடு ஏறினதும் சீல் இளகிப் பிடித்துக்கொள்ளும். இதற்கு நேர் எதிராக, காலையில் நன்றாக ஓடி, கந்தளாயிலிருந்து திரும்பி வரும்போது வழுக்கத் தொடங்கினால் கவலைப்பட வேண்டும். சூட்டில் ஒயில் மெலிகிறது, தேய்ந்த இடங்களால் அழுத்தம் கசிகிறது என்பதன் அடையாளம் அது. குளிராக்கி அடைபட்டிருந்தாலும் இதே மாதிரி நடக்கும். அதை முதலில் பார்க்கச் சொல்லுங்கள், வேலை சின்னது.

ஒரு மாற்றத்தில் மட்டும் குத்தினால், உதாரணமாக ஒன்றிலிருந்து இரண்டுக்கு, அதன் சொலினொயிட். எல்லா மாற்றத்திலும் குத்தினால் அழுத்தம் முழுவதுமே கூடியிருக்கிறது. கொம்பியூட்டர் எங்கோ ஒரு பிழையைக் கண்டு, கிளச் வழுக்கிக் கருகாமல் காப்பாற்ற அழுத்தத்தை வேண்டுமென்றே ஏற்றி வைத்திருக்கலாம். பழைய டொயோட்டாக்கள் சிலவற்றில் அக்சிலேட்டரிலிருந்து கியர்பொக்ஸுக்கு ஒரு கேபிள் போகும். அது இறுகியோ தளர்ந்தோ இருந்தால் எல்லாக் கியரும் பிந்தியோ முந்தியோ விழும். கேபிளைச் சரிசெய்தால் முடிகிற வேலை.

எடுக்கும்போதே கார் கனக்கிறது, எந்த வேகத்திலும் கியர் மாறுவதே இல்லை என்றால் பாதுகாப்பு நிலைக்குப் போய்விட்டது. கொம்பியூட்டர் பிழையைக் கண்டதும் ஏதாவது ஒரு கியரில், பல கார்களில் மூன்றாவதில், பூட்டிவிட்டு “இப்படியே கராஜுக்குப் போ” என்று விடுகிறது. கூடவே டொயோட்டாவில் ஓவர்டிரைவ் லைட் விட்டு விட்டு எரியும். ஹொண்டாவில் டீ எழுத்து எரிந்து எரிந்து அணையும். எஞ்சினை நிறுத்தித் திரும்பப் போட்டால் சில வேளை சரியானது போலத் தெரியும். அதை நம்பிக் கொழும்புக்குக் கிளம்பிவிடாதீர்கள்.

உதறலைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் அதிகம் ஏமாறுகிறோம். ஐம்பது அறுபதில் போகும்போது, வரிவரியாகக் கீறின வீதியில் ரயர் போவது போல ஒரு நடுக்கம் வரும். ஓரிரு செக்கனில் போய்விடும். அது லொக்-அப் கிளச்சாக இருக்கலாம், எஞ்சினில் ஒரு சிலிண்டர் பற்றாமல் விடுவதாகவும் இருக்கலாம். பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. பின்னால் வாகனம் எதுவும் இல்லாத நேரம், நடுக்கம் வருகிற வேகத்தில், அக்சிலேட்டரை அப்படியே பிடித்துக்கொண்டு, இடது காலால் பிரேக்கைத் தொடுகிற அளவுக்கு மட்டும் மிதியுங்கள். வேகம் குறையக் கூடாது. பிரேக் லைட் எரிந்தால் போதும். பல கார்களில் பிரேக் தொட்டதும் கொம்பியூட்டர் லொக்-அப்பை விடுவிக்கும். அந்த நொடியில் நடுக்கம் நின்றால் லொக்-அப். நிற்காவிட்டால் பிளக், கொயில் பக்கம் போங்கள். இடது கால் பிரேக்குக்குப் பழக்கமில்லாதவர் சட்டென்று அழுத்திவிடலாம், ஆகவே வெறும் வீதியில் மட்டும். லொக்-அப் நடுக்கம் தொடக்க நிலையில் என்றால், சரியான ஒயிலை மாற்றினாலே பல கார்களில் நின்றுவிடுகிறது. இறக்குமுன் அந்தச் செலவைச் செய்து பார்ப்பது நியாயம்.

ஸ்கேன்

புளூடூத்தில் போனோடு இணைகிற சின்னக் கருவிகள் எஞ்சின் கோடுகளை (கொம்பியூட்டர் பதிந்து வைக்கிற பிழைக் குறியீடுகள்) வாசிக்கும். கியர் கொம்பியூட்டரை எல்லாக் காரிலும் வாசிக்காது. பீ0700 மட்டும் வந்தால் “கியர் கொம்பியூட்டரில் ஒரு கோடு இருக்கிறது, போய்ப் பார்” என்பதுதான் பொருள். அதை வைத்துக்கொண்டு எதையும் மாற்றக் கூடாது. பீ0705 லீவர் நிலைச் சுவிட்ச். பீ0715 உள்வருகிற சுழற்சியின் சென்சர், பீ0720 வெளியே போகிற சுழற்சியின் சென்சர். பீ0741 லொக்-அப் பிடிக்கவில்லை. பீ0750 முதலாவது மாற்றுச் சொலினொயிட்டின் பக்கம். பீ0730 வந்தால் விகிதம் பொருந்தவில்லை. ஒயிலையும் வழுக்கலையும் பாருங்கள். சென்சர் கோடு வந்ததும் சென்சரை வாங்கி மாட்டாதீர்கள். முதலில் அதன் கனெக்டரைக் கழற்றிப் பச்சைத் துரு இருக்கிறதா என்று பாருங்கள். உப்புக் காற்று ஊரில் கனெக்டரைத் துப்புரவாக்கினதோடு முடிந்த கோளாறுகள் நிறைய.

பிழைக் குறியீட்டை அழிக்குமுன் எழுதி வையுங்கள், அல்லது போனில் படம் எடுங்கள். அழித்தால், கோளாறு வந்தபோது கார் எந்த வேகத்தில், எந்தச் சூட்டில் இருந்தது என்ற பதிவும் பல கார்களில் சேர்ந்தே அழியும்.

ஒயில் மாற்றும்போது

வகைதான் உயிர். சீவிடிக்குச் சாதாரண ஓட்டோ ஒயிலை ஊற்றினால் பெல்ட்டுக்குத் தேவையான பிடி கிடைக்காது. “எல்லாத்துக்கும் ஒத்துவரும்” என்று கடையில் சொல்கிற போத்தலை விட, கையேட்டில் பெயர் சொல்லியிருக்கிற ஒயிலுக்கு ஒரு கிழமை காத்திருப்பது மேல். 40,000 முதல் 60,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை மாற்றுவது எங்கள் சூட்டுக்குப் பொருத்தம். “ஆயுள் முழுக்க மாற்றத் தேவையில்லை” என்று எழுதியிருந்தாலும் நான் அதை ஏற்றுக்கொள்வதில்லை.

கீழ்ப் பிளக்கைத் திறந்தால் மொத்த ஒயிலும் வராது. பாதிக்கு மேல் டோர்க் கொன்வேட்டரிலும் பாதைகளிலும் தங்கும். வெளியே வந்ததை அளந்து, அதே அளவு ஊற்றி, சில நூறு கிலோமீற்றர் ஓடி, இன்னொரு தடவை அப்படிச் செய்வது பழைய கியர்பொக்ஸுக்கு மென்மையான வழி. அழுத்தம் கொடுத்து முழுவதும் கழுவுவதை, பல வருடம் ஒயில் மாற்றாத காருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒயில் பானைத் திறந்தால் உள்ளே காந்தத்தைப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் பசை போன்ற மெல்லிய பூச்சு சாதாரணம். கையில் நெருடுகிற உலோகத் துணுக்குகள் சாதாரணம் அல்ல. ஏற்கெனவே எல்லாக் கியரிலும் வழுக்கி, ஒயிலும் கருகியிருந்தால், புது ஒயிலில் நம்பிக்கை வைத்துக் காசைக் கரைக்க வேண்டாம். அந்தக் கியர்பொக்ஸுக்குத்தான் இறக்குகிற பேச்சு.

கராஜுக்குப் போகும்போது ஒரு துண்டுத் தாளில் இப்படி எழுதிக் கொடுங்கள்: “காலையில் முதல் தடவை டீ போட்டால் மூன்று செக்கன் கழித்தே இழுக்குது. ரிவேர்ஸும் அப்படி. இரண்டாம் தடவை சரி. சூடான பிறகு குறை இல்லை. ஒயில் மண்ணிறம், கருகல் மணம் இல்லை, அளவு சூட்டுக் கோட்டுக்குக் கீழே. லைட் எதுவும் எரியேல்லை.” இதை வாசிக்கிற மெக்கானிக் கசிவைத் தேடத்தான் காருக்குக் கீழே போவார். இவ்வளவும் எழுதியிருக்க, பார்க்காமலே இறக்க வேண்டும் என்பவரிடம் காரை விட வேண்டாம், இன்னொருவரிடம் காட்டுங்கள்.

பழைய கார் வாங்கப் போகிறவர்களும் இதே சோதனையைச் செய்யலாம். “நான் வந்த பிறகுதான் ஸ்டார்ட் பண்ண வேணும், முன்னமே சூடாக்க வேண்டாம்” என்று விற்பவரிடம் போனிலேயே சொல்லிவிடுங்கள். போய்ச் சேர்ந்ததும் பொனட்டில் கையை வைத்துப் பாருங்கள்.

நடுவழியில் நின்றுவிட்டால், கயிறு கட்டி இழுத்துக்கொண்டு ஊருக்கு வர வேண்டாம். எஞ்சின் நின்ற காரில் கியர்பொக்ஸ் பம்ப் சுற்றாது, ஒயில் ஓடாது. சில்லுகள் மட்டும் உருண்டு உள்ளே இருக்கிறவற்றைக் காய்ந்தபடி சுழற்றும். என்னில் போட்டிருந்தாலும் அப்படித்தான். காரை முழுவதும் மேலே ஏற்றுகிற லொறியைக் கூப்பிடுங்கள். அது கிடைக்காமல், முன் சில்லு இழுக்கிற கார் என்றால், முன் சில்லு இரண்டையும் தரையிலிருந்து தூக்கி, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து இழுக்கச் சொல்லுங்கள். நாலு சில்லும் இழுக்கிற காருக்கு அதுவும் ஆகாது, லொறி வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும்.